அரையாண்டுப் பாடமும் அளவை முறையும்

மேனாட்டுக் கல்லூரி ஒன்றில் தத்துவமும் இறையியலும் பயிலும் நம் நாட்டு இளைஞர் ஒருவர், வரும் அரையாண்டுப் பருவத்திற்குத் தாம் எடுக்கக் கருதிய பாடங்களை வரிசைப்பட எழுதி, அவற்றுள் எதனை விடலாம் என்று எம்மைக் கேட்டிருந்தார். பாடங்கள் ஆறு: தருக்கம், டெக்கார்ட்டு முதல் காண்ட் ஈறாகவுள்ள ஐரோப்பியத் தத்துவம், அன்செலம், தாமஸ் அக்குவினாஸ் ஆகிய இருவரையும் நடுவாகக் கொண்ட இடைக்காலக் கிறித்தவ இறையியல், இந்திய தரிசனங்கள், இலத்தீன் மொழி, சமயத் தத்துவ ஆராய்ச்சி. தருக்கம் வறண்ட பாடமாகலின் அதனை விட்டுவிடலாமன்றோ என்பது அவர் கருத்து. கடிதத்தின் இறுதியில் மற்றொரு வினாவும் இருந்தது. கடவுள் உண்டென்பதற்குக் கூறப்படும் அனுமானங்களைக் காண்ட் தகர்த்துவிட்டார் என்று அவர்தம் ஆசிரியர் கூறினாராம். அங்ஙனமாயின் சிவஞானபோத முதற் சூத்திரத்தின் நிலை யாது என்பது அவ்வினா. முன்னையது கால அட்டவணை பற்றியதாகவும் பின்னையது சமயம் பற்றியதாகவும் தோன்றும். இரண்டிற்கும் விடை ஓரிடத்திலேயே உளது என்பது எமது துணிபு. அதனை விளக்குதற்கு இக்கட்டுரை எழுந்தது.

முதற்கண் காலக் கணக்கினை நோக்குவாம். அமெரிக்கக் கல்லூரிகளில் செமெஸ்டர் எனப்படும் பருவம் ஏறக்குறைய 15 வாரம் உடையது. பாடத்தின் அளவினைக் கிரெடிட் என்னும் அலகினால் அளப்பர். ஓர் அலகாவது, வாரந்தோறும் வகுப்பில் ஒரு மணி நேரமும் வகுப்பிற்கு வெளியே குறைந்தது இரண்டு மணி நேரமும் கொண்ட உழைப்பு. அந்நாட்டு அரசாங்கம் 2010-இல் வகுத்த விதியும் இதுவே. பாடம் ஒன்றுக்கு 3 அலகாகக் கொண்டால் ஆறு பாடங்களுக்கு 18 அலகு; வாரத்திற்கு 54 மணி. ஒரு நாளை ஓய்வுக்கு ஒழித்தால் நாடோறும் 9 மணியாகும். ஐந்து பாடமாயின் வாரத்திற்கு 45 மணி. நாடோறும் ஏழரை மணி. நம் நாட்டிலும் பல்கலைக்கழக மானியக் குழுவின் வகுப்புப்படி, பருவம் 15 முதல் 18 வாரமும் 90 கற்பிக்கும் நாளும் உடையதாகலின், ஈண்டுப் பயில்வோரும் இக்கணக்கினைத் தமக்கேற்பப் போட்டுப் பார்க்கலாம்.

ஏழரை மணி என்பது எழுத்தளவில் எளிது. அக்குவினாஸ் நூலில் ஒன்றரைப் பக்கமே உள்ள ஒரு கூற்றினைத் தடை இன்னது, விடை இன்னது என்று பிரித்தறிந்து படிக்க எமக்கு ஒரு மணி நேரத்திற்குக் குறைந்ததில்லை. காண்ட் நூலிலோ ஒரு மணியில் மூன்று பக்கம் சென்றால் அது நல்ல நாள். கதை நூலைப் படிக்கும் விரைவினைக் கொண்டு கணக்கிட்ட மாணவர் ஏழாம் வாரத்தில் திகைப்பது இதனாலேயே. ஆறு பாடம் வேண்டா. ஐந்து போதும் என்று முதலிலேயே எழுதிவிட்டோம்.

எமது இளமைக்கால அனுபவம் ஒன்றை ஈண்டுக் கூறுதல் குற்றமாகாது. ஒரு தேர்வின் பொருட்டுச் சிவஞானசித்தியார் பரபக்கத்தை வேறு நான்கு நூல்களுடன் ஆறே திங்களில் படித்து முடித்தோம். மறுப்புரைகள் நாவில் நின்றன. ஒருநாள் ஆசிரியர், "சௌத்திராந்திகனை நீ மறுப்பது கிடக்கட்டும், அவன் ஏன் அங்ஙனம் கருதினான் என்று சொல்" என்றார். எமக்கு வாய் எழவில்லை. மறுக்கப்பட்டது யாதென்று அறியாமலே மறுப்பினை மனனஞ் செய்திருந்தோம். தேர்வில் வெற்றி பெற்றோம் என்பதையும் மறைக்காமற் கூறிவிடுதல் வேண்டும், தேர்வுகள் அத்தன்மையன.

இனி எதனை விடுதல் என்பது. இளைஞர் தருக்கத்தை விடுவதாகக் கூறினார். யாம் சமயத் தத்துவ ஆராய்ச்சியை விடுக என்றோம். அற்றேல், சமய மெய்ப்பொருளை நாடியே அத்துறைக்கு வந்த ஒருவர் அப்பெயருடைய பாடத்தையே விடுதல் தகுமோ எனின், தகும். என்னை? அப்பாடத்தில் அன்செலம் ஒரு வாரம், அக்குவினாஸ் ஒரு வாரம், காண்ட் ஒரு வாரம் என முடிவுகள் திரட்டி வைக்கப்படும். அம்முடிவுகள் பிறந்த நூல்களையோ அவர் ஏனைய பாடங்களில் முழுமையாகக் கற்கவிருக்கின்றார். நெல் விளையுமுன் சோற்றினைப் பங்கிடல் போல்வது அது. அடுத்த பருவத்தில் எடுப்பின் அப்பாடமே அவர்க்குப் பெரும்பயன் தரும். தருக்கமோ பின்னர் வந்து உதவுவதன்று. அஃது இல்லாதவழி ஏனைய நான்கும் வெறுஞ் செய்தியாய் நிற்கும்.

இது நம்மவர் கொள்கை மட்டும் என்று எண்ணற்க. பாரிசு மாநகரப் பல்கலைக்கழகத்திற்கு 1215-இல் போப்பாண்டவரின் தூதராகிய ராபர்ட் கூர்சோன் வகுத்த விதிகளைப் பார்க்க. தருக்கம் முதலிய கலைகளைக் கற்பிப்போர் 21 வயது நிரம்பியவராயும் 6 ஆண்டு பயின்றவராயும் இருத்தல் வேண்டும். இறையியல் கற்பிப்போர்க்கு 35 வயதும் 8 ஆண்டுப் பயிற்சியும் வேண்டும். கலை முன்னர், இறையியல் பின்னர் என்னும் ஒழுங்கு அங்கே வழக்காயிருந்தது. அக்குவினாஸ் 1256-இல் இறையியல் ஆசிரியராயினபோது அவர்க்கு ஏறக்குறைய 31 வயதே. வயது பற்றிய விதி அவர் பொருட்டுத் தளர்த்தப்பட்டது. விதியைத் தளர்த்துதற்கும் ஓர் அக்குவினாஸ் வேண்டியிருந்தது போலும்!

அவ்வறிஞர் 1265-ஐ ஒட்டித் தொடங்கி 1273-இல் முடிவுறாமலே நிறுத்திய இறையியல் தொகைநூலின் முன்னுரை, பாடத்திட்டம் வகுப்பார் அனைவரும் படிக்கத்தக்கது. தொடக்க மாணவர்க்கென்றே அந்நூலை எழுதுவதாக அவர் கூறுகின்றார். அம்மாணவர் இடர்ப்படுதற்கு மூன்று காரணங்களையும் எடுத்துக் காட்டுகின்றார். பயனில்லாத வினாக்கள் பெருகுதல் ஒன்று. கற்க வேண்டுவன பாட ஒழுங்கில் அமையாது, உரைக்கு எடுத்த நூலின் போக்கிலும் வாதம் நேர்ந்த சமயத்திலும் கூறப்படுதல் மற்றொன்று. ஒன்றே பலகாலும் வருதலால் உண்டாகும் சலிப்பும் குழப்பமும் மூன்றாவது. நம் இலக்கண நூலார் கூறியது கூறல் என்று குற்றப்படுத்தியது இதனையே. தொடக்க மாணவர்க்கு எழுதிய நூல் அத்துணைப் பெரிதாயின் முதிர்ந்த மாணவர்க்கு எழுதியிருந்தால் எவ்வளவாயிருக்கும் என்று நகையாடுவோர் உளர். அதன் பருமை கிடக்க. அவர் கூறிய மூன்று குற்றங்களும் இன்றைய பருவப் பாடங்களில் அப்படியே காணப்படுகின்றன. ஐந்து ஆசிரியர் ஐந்து ஒழுங்கில் கற்பிப்பர்; ஒருவர் கூறியதை மற்றவர் அறியார். அவற்றை ஒழுங்குபடுத்தும் கடன் மாணவர் தலையிலேயே விழுகின்றது.

அவ்வொழுங்கு எங்ஙனம் அமைதல் வேண்டும்? அக்குவினாஸ் வாழ்ந்த அதே 13-ஆம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியார், அளவை இயலை 14 செய்யுளால் வகுத்து வைத்தார். உலகாயதன் முதலாகப் பாஞ்சராத்திரி ஈறாகவுள்ள கொள்கைகளைப் பரபக்கத்தில் அவரவர் கூற்றாக நிறுத்தி மறுத்தார். சுபக்கத்தில் தம் கொள்கையை நிறுவினார். அளவை, பிறர் கொள்கை, தன் கொள்கை என்னும் இம்முறை ஒரு பருவத்தின் வாரங்களுக்கும் பொருந்தும்.

முதல் இரண்டு வாரமும் அளவைக்கு உரியன. ஒவ்வொரு பாடத்திலும் எவ்வளவை கொள்ளப்படுகின்றது என்பதை மட்டும் நோக்குதல் வேண்டும். உலகாயதன் காண்டல் ஒன்றே கொள்வான். நையாயிகர் நான்கு கொள்வர். சைவ சித்தாந்திகள் காட்சி, கருதல், உரை என மூன்று கொண்டு பிறவற்றை அவற்றுள் அடக்குவர். டெக்கார்ட்டு 1641-இல் வெளியிட்ட சிந்தனைகள் என்னும் நூலின் முதற் பகுதியிலேயே காட்சியளவையை ஐயுறுகின்றார். அக்குவினாஸ் தம் நூலின் முதல் வினாவிலேயே, தத்துவ நூல்கள் இருக்க வேறோர் உரை வேண்டுமோ என்று ஆராய்ந்து, வேண்டும் என்று நிறுவுகின்றார். அறிவினால் மட்டும் கடவுளை அறியப் புகுவோர் சிலரே, அதுவும் நெடுங்காலங் கழித்து, பல பிழைகளோடு கலந்தே அறிவர் என்பது அவர் காட்டும் ஏதுக்களுள் ஒன்று. அவ்வினாவின் எட்டாம் பிரிவில் மற்றொரு நுட்பம் உளது. உரையளவையைச் சிறிதேனும் உடன்படுவானோடு அதனைக் கொண்டே வாதிடலாம்; ஒருசிறிதும் உடன்படாதவனிடத்து அவன் கூறும் தடைகளுக்கு விடை கூறலே இயலும் என்கின்றார். தத்துவ வகுப்பில் ஒரு வகையாகவும் இறையியல் வகுப்பில் ஒரு வகையாகவும் பேசவேண்டி வருவது ஏன் என்று மயங்கும் மாணவர்க்கு இவ்வொரு பிரிவே தெளிவு தரும்.

மூன்றாம் வாரந் தொடங்கி ஒரு வினாவினைக் கையிற் பிடித்துக்கொள்ளுதல் வேண்டும். வகுப்பின் வரிசை ஆசிரியர் கையிலுளது. அதனை மாற்றுதல் இயலாது. மாணவர்க்கு உரிமையுள்ளவை இரண்டே: வீட்டிற் படிக்கும் முறையும், கட்டுரைக்கு எடுக்கும் பொருளும். கடவுள் உண்மை கருதலளவையாற் பெறப்படுமோ என்னும் வினாவினை யாம் அவ்விளைஞர்க்குக் காட்டினோம். அவர் எடுத்த பாடங்கள் அனைத்தையும் ஊடுருவிச் செல்வது அது.

அன்செலம் 1077-ஐ ஒட்டி எழுதிய புரோசுலோகியன் என்னும் சிறுநூல், எதனினும் மேலானதொன்றை நினைத்தல் கூடாதோ அப்பொருள் நினைவில் மட்டும் இருத்தல் பொருந்தாது, உண்மையிலும் இருத்தல் வேண்டும் என்று வாதிக்கின்றது. கௌனிலோ என்னும் துறவி அக்காலத்திலேயே அதனை மறுத்தார். அன்செலமோ அம்மறுப்பினையும் தம் விடையினையும் தம் நூலோடு சேர்த்தே படியெடுக்குமாறு செய்தார். அக்குவினாஸ் அவ்வாதத்தைக் கொள்ளாது, உலகிற் காணப்படும் இயக்கம், காரணத்தொடர் முதலியவற்றினின்று ஐந்து வழி காட்டினார். டெக்கார்ட்டு ஐந்தாஞ் சிந்தனையில் முன்னையதை வேறு வடிவிற் புதுப்பித்தார். காண்ட் 1781-இல் இரண்டு வகையினையும் மறுத்தார். ஆகவே அன்செலத்தின் வாதத்தை முதன்முதல் மறுத்தவர் காண்ட் என்று எழுதும் மாணவர், தம் இறையியற் பாடத்தைத் தத்துவப் பாடத்திற்குள் கொண்டுவரவில்லை என்பது வெளிப்படை.

இந்திய தரிசனப் பாடத்திலும் இவ்வழக்கே நிகழ்கின்றது. உதயணர் நியாயகுசுமாஞ்சலியில் ஈசுவரனைக் கருதலளவையால் நிறுவுகின்றார். இராமானுசர் ஸ்ரீபாஷ்யத்தில் அதனை மறுத்து, சாத்திரம் ஒன்றே அதற்கு அளவை என்கின்றார். மலையும் கடலும் ஒரே காலத்தில் ஒருவராலேயே செய்யப்பட்டன என்பதற்கு ஏது யாது என்பது அவர் வினா. கடவுளை நம்பாதவரே இவ்வனுமானத்தை மறுப்பர் என்று எண்ணியிருந்த இளைஞர், பெரும் பத்தராகிய ஆசாரியர் ஒருவரும் மறுத்துள்ளார் என்று கண்டபொழுது வியப்புற்றார்.

இனி, கடிதத்தின் இறுதி வினாவிற்கு வருவாம். காண்ட் உலகின் ஒழுங்கமைதியைக் கொண்டு கடவுளை நிறுவும் வாதத்தை மதிப்போடு எடுத்துரைத்து, அது மிகுந்தால் உலகை அமைத்த தச்சன் ஒருவனைத்தான் நிறுவும், தன் கைப்பொருளாகிய மூலப்பொருளுக்கு உட்பட்டு நிற்பவனை அன்றி, அம்மூலப்பொருளையும் படைத்தவனை நிறுவாது என்று குறை கூறுகின்றார். இல்லதினின்று உலகம் தோன்றியது என்னும் கிறித்தவக் கொள்கைக்கு இஃது உண்மையிலேயே ஒரு தடை. சைவ சித்தாந்தமோ மாயையை அநாதி என்றும் உலகிற்கு முதற்காரணம் என்றும், சத்தியைத் துணைக்காரணம் என்றும், இறைவனை நிமித்த காரணன் என்றும் வைத்து, மண்ணும் திரிகையும் குயவனும் என உவமை கூறுகின்றது. உலகினை இல்லதினின்று படைத்தான் என்று நாம் கூறாமையின், அவன் படைக்கவில்லை என்பது நமக்குத் தடையாமாறு இல்லை. மூலப்பொருளுக்கு இறைவன் கட்டுப்பட்டவனாவனோ என்பது மட்டும் எஞ்சும். மாயை சடமாகலின் அவன் சங்கற்பத்தின்வழி நிற்பதன்றி அவனைத் தடுக்கும் ஆற்றல் உடையதன்று என்பது அதற்கு விடை.

அற்றேல், காண்ட்டின் மறுப்பு முழுவதும் நீங்கிற்றோ எனின், நீங்கவில்லை. அவரது வலிய தடை வேறிடத்தில் உளது. காரியகாரண நியதி நம் அனுபவத்துட்பட்ட பொருள்களிடத்தே செல்லும். அனுபவத்தைக் கடந்த ஒன்றினிடத்து அதனைச் செலுத்துதற்கு உரிமை இல்லை என்பது அது. குயவனைக் கண்டிருக்கின்றோம், ஆகலின் குடத்தினின்று குயவனை அனுமிக்கின்றோம். உலகைச் செய்வானைக் கண்டிலமே என்பார் நம் நாட்டு உலகாயதரும். இத்தடை கடவுளைப் பற்றியதாகத் தோன்றினும், உண்மையில் கருதலளவையின் எல்லை எதுவரை என்பது பற்றியதே. அது முதல் இரண்டு வாரத்தில் எழுந்த அளவை வினா. தருக்கப் பாடத்தில் ஏது, எடுத்துக்காட்டு, உடனிகழ்ச்சி ஆகியவற்றை அறிந்தவர்க்கே அதன் வன்மை புலனாகும். தருக்கத்தை விட்டுவிட்டு இறுதி வினாவிற்கு விடை கேட்டல் எங்ஙனம் கூடும்? அட்டவணை வினாவும் சமய வினாவும் ஓரிடத்திற் கூடும் என்று தொடக்கத்திற் கூறியது இதுபற்றியே.

சித்தாந்த நூலும் கருதலை எல்லையின்றி ஓட விடவில்லை என்பதை நினைவூட்டினோம். முதற் சூத்திரம் இறைவன் உண்மையை அனுமானத்தால் நிறுவுகின்றது. ஆறாஞ் சூத்திரமோ, சுட்டறிவிற்குப் புலனாவன அனைத்தும் அசத்து என்றும், எவ்வாற்றானும் அறியப்படாதது இல்பொருள் என்றும், இவ்விரண்டும் அல்லாத நிலையே சிவசத்து என்றும் கூறுகின்றது. உண்மை துணிதற்குக் கருதல் போதும். இயல்பு அறிதற்கு அது போதாது என்னும் வரையறை நூலின் உள்ளேயே கிடக்கின்றது. முதலாவதை ஆறாவதோடு சேர்த்துப் படித்த பின்னரே காண்ட்டிற்கு விடை எழுதப் புகுதல் வேண்டும் என்றும், அதுவரை அவ்வினாவினைத் தனியே ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க என்றும் கூறினோம். ஐந்தாம் வாரத்திலேயே விடை காணும் அவசரம் எம்மைப்போற் கெட்டவர்க்கு நன்கு தெரிந்த ஒன்று.

எஞ்சிய சில சிறு குறிப்புகள். இலத்தீன் மொழியை நாடோறும் அரைமணியேனும் படித்தல் வேண்டும். வேற்றுமை உருபுகளை ஞாயிற்றுக்கிழமை ஒருநாளில் விழுங்க முடியாது. அது கூடாதெனின் அவ்வாண்டு தொடங்காமலே இருத்தல் நன்று. கடினமான நூலுக்குக் காலைப் பொழுதினை ஒதுக்குக. கடிதம், குறிப்புப் படியெடுத்தல் முதலியவற்றை இரவுக்கு விடுக. பருவத்தின் முதல் நாளிலேயே எல்லாப் பாடங்களின் கட்டுரை நாட்களையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால், அவை பெரும்பாலும் ஏழாம் எட்டாம் வாரங்களிலும் இறுதி இரண்டு வாரங்களிலும் வந்து குவிதல் தெரியும். ஆகலின் ஒரு கட்டுரையையேனும் ஐந்தாம் வாரத்தில் முடித்துவிடுதல் வேண்டும். ஒரே வினா எல்லாப் பாடத்திலும் வருகின்றதென்று ஒரே கட்டுரையை இரண்டு ஆசிரியர்க்குக் கொடுத்தல் ஆகாது. கல்லூரிகள் அதனைக் குற்றமாகக் கொள்ளும், கொள்வதும் நியாயமே.

அக்குவினாஸ் நூலைப் புதிதாக எடுப்போர் ஒன்றில் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். ஒவ்வொரு பிரிவின் தலைப்பிலும் முதலில் நிற்பன அவர் மறுக்கவிருக்கும் தடைகள். அவற்றை அடுத்து, எதிர்மாறாக ஒரு மேற்கோள் வரும். அதுவும் அவரது விடையன்று. அதன் பின்னரே தம் விடையினைக் கூறி, தடைகளை ஒவ்வொன்றாக நீக்குவர். தலைப்பில் நிற்பதை அவர் கொள்கை என்று கட்டுரையில் எழுதி மதிப்பெண் இழந்த மாணவர் பலர். பரபக்கத்தைத் திறந்தவுடன் கண்ட உலகாயதன் கூற்றினை அருணந்தியார் கூற்றென மயங்கும் பிழையும் இதனை ஒத்ததே.

இளைஞரின் இரண்டாங் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. சமயத் தத்துவ ஆராய்ச்சியை விட்டுவிட்டாராம். தருக்க வகுப்பில் முதற் பயிற்சியில் ஐந்து கணக்கில் மூன்று பிழையாயின என்றும் எழுதியிருக்கின்றார். இராமானுசரின் தடைக்குச் சித்தாந்திகளின் விடை யாது என்று கேட்டிருக்கின்றார். அதற்கு விடை எழுதுமுன் மாபாடியத்தில் முதற் சூத்திரப் பகுதியை யாமும் மீண்டும் ஒருமுறை படித்தாக வேண்டும்.